கவுண்டரில் கொடுத்த சக்கர நாற்காலி திரும்பி வரும் வரை

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் கிளம்பும் விமானங்களின் கேட்டில் எப்போது பார்த்தாலும் சக்கர நாற்காலிகள் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலானவை விமான நிலையத்துக்குச் சொந்தமானவை. முட்டி வலிக்கும் பாட்டியும், அவ்வளவு தூரம் நடக்க முடியாத தாத்தாவும் விமானத்தின் வாசல் வரை அதில் வந்து, எழுந்து, மெல்ல நடந்து தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள். நாற்காலி அங்கேயே நின்றுவிடும்.

அதே வரிசையில் ஒருவரோ இருவரோ சொந்த நாற்காலியில் வந்திருப்பார்கள். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், சிறுவயதில் போலியோ வந்தவர், தசைச் சிதைவு நோய் உள்ளவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இடுப்பளவுக்கும் முதுகு வளைவுக்கும் ஏற்ப அமைத்தது. விமானம் பறக்கிற நேரம் முழுக்க அது கீழே சரக்கறையில், பெட்டிகளோடு பெட்டியாக இருக்கும். இறங்கிய பிறகு அது எந்த நிலையில் கைக்கு வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் அவர்களுடைய அடுத்த சில வாரங்கள்.

நாற்காலி உடைந்து வந்தால் யாரோ அலட்சியமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். அப்படியும் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கவுண்டரிலிருந்து சரக்கறை வரை அது போகிற வழியைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். நாற்காலியைப் பற்றித் தெரிந்தவர் மேலே இருக்கிறார். அதைத் தூக்கி வைப்பவர் கீழே இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பும் யாருக்கும் கிடையாது.

நாற்காலியை ஏன் உள்ளேயே கொண்டு போக முடியாது என்று பலர் கேட்பார்கள். ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் இருக்கை வரிசைகளுக்கு நடுவே உள்ள பாதை ஏறத்தாழ அரை மீட்டர் அகலம்தான். சாதாரணச் சக்கர நாற்காலியே 60 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அதனால் வாசலில் வைத்து, ஆளை ஒடுக்கமான வேறொரு நாற்காலிக்கு மாற்றி, பட்டை போட்டுக் கட்டி, உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். சொந்த நாற்காலி அங்கிருந்து கீழே இறங்கும். அதற்குப் பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று உரியவருக்குத் தெரியாது.

எல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே தொடங்குகிறது. விமானத் துறையில் சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு மூன்று குறியீடுகள் உண்டு. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, படி ஏற முடியும். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது, ஆனால் உள்ளே இருக்கை வரை நடந்துவிடுவார். டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கை வரைக்கும் தூக்கியோ தள்ளியோ கொண்டு போக வேண்டும். நாற்காலிக்கும் தனிக் குறியீடுகள் இருக்கின்றன: கையால் தள்ளுவதா, உலர் பேட்டரியா, திரவ பேட்டரியா, லித்தியமா என்று. ஓர் எழுத்து மாறினாலும் விளைவு பெரிது. நடக்கவே முடியாத ஒருவருக்கு முதல் குறியீட்டைப் போட்டுவிட்டால், விமானம் தூரத்தில் நிறுத்தப்பட்டு எல்லாரும் பஸ்ஸில் போய்ப் படியேறும் நாளில் அவருக்காக அம்புலிஃப்ட் வண்டி வந்திருக்காது. அம்புலிஃப்ட் என்பது பின்னால் உள்ள அறையை அப்படியே விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் வண்டி. கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ஏடிஆர் என்ற சிறு விமானங்களில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவோடு இணைந்த சிறு படிக்கட்டில். முனையத்திலிருந்து விமானக் கதவுக்கு நேராக நடந்து போகும் ஏரோபிரிட்ஜ் அதற்குப் பொருந்தாது. அதனால் அங்கே இந்தக் குறியீடு இன்னும் முக்கியம். உதவி தேவைப்படுவோர் பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது மலேசியாவில் உள்ள நடைமுறை. ஆன்லைனில் டிக்கெட் எடுப்பவர்கள் ஒரு கட்டத்தை டிக் செய்துவிட்டு விட்டுவிடாமல், நிறுவனத்தோடு தொடர்புகொண்டு எந்தக் குறியீடு பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் கவுண்டர். அங்கே மூன்று கேள்வி வரும். மடங்குமா? எடை எவ்வளவு? பேட்டரி என்ன வகை? அதிகக் குழப்பம் மூன்றாவதில்தான்.

கசியாத ஜெல் பேட்டரி, ஏஜிஎம் பேட்டரி என்றால் அவை நாற்காலியிலேயே இருக்கலாம். தற்செயலாக ஓடிவிடாதபடியும் மின்முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடியும் பார்த்துக்கொண்டால் போதும். லித்தியம் என்றால் கணக்கு வேறு. இப்போது பலர் வாங்குகிற, மடித்துக் காரின் பின்னால் போட்டுக்கொள்ளும் இலகு ரக மின் நாற்காலிகளில் பேட்டரியைக் கழற்றி எடுக்கலாம். அப்படிக் கழற்றிய பேட்டரி சரக்கறைக்குப் போகக் கூடாது. பயணியோடு கேபினுக்குள் வர வேண்டும். ஒரே பேட்டரி என்றால் 300 வாட் அவர் (வாட்-மணி) வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. இந்த வாட் அவர் எங்கே எழுதியிருக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரியின் மேல் வோல்ட்டும் ஆம்பியர் அவரும் போட்டிருக்கும், இரண்டையும் பெருக்கினால் வந்துவிடும். 24 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 240, பிரச்சினையில்லை. அதே 24 வோல்ட், 20 ஆம்பியர் அவர் என்றால் 480, கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை சார்ஜ் செய்தால் அதிக தூரம் ஓடும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பெரிய பேட்டரி வாங்கியவர்களுக்கு இது விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது. ஆகவே விமானப் பயணம் உங்கள் வாழ்க்கையில் உண்டு என்றால், வாங்கும்போதே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்ட பேட்டரிக்கு விதி வேறு. அதோடு ஒவ்வொரு விமான நிறுவனமும் பொது விதியைவிடக் கடுமையாகத் தன் விதியை வைத்துக்கொள்ள உரிமை உண்டு.

இனி கீழே போவோம். நாற்காலிகள் அதிகம் அடிபடுவது இங்கேதான், அதற்கு அளவு ஒரு பெரிய காரணம். போயிங் 737இன் சரக்குக் கதவின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஏ320இல் 1.2 மீட்டருக்குச் சற்று மேல். மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் ஆகியவற்றின் ஒற்றைப் பாதை விமானங்கள் 737 வகை, ஏர் ஏசியா ஓட்டுவது ஏ320 குடும்பம். தலையணை வைத்த மின் நாற்காலி ஒன்றின் முதுகு, தரையிலிருந்து ஒரு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். முதுகைக் கீழே மடிக்க முடிந்தால் 737இலும் நிமிர்ந்தபடியே உள்ளே போகும். மடிக்க முடியாவிட்டால், அல்லது மடிக்கலாம் என்பது ஏற்றுபவருக்குத் தெரியாவிட்டால், பக்கவாட்டில் சாய்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைச் சாய்க்கும்போது முதலில் எது தரையில் படும்? கைப்பிடியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாய்ஸ்டிக். நாற்காலியை ஓட்டும் கட்டுப்பாடு முழுவதும் அந்தச் சிறு குமிழில் இருக்கிறது. அதன் கழுத்து வளைந்தாலோ, உள்ளே போகும் வயர் பிய்ந்தாலோ, மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் நாற்காலி ஓர் அங்குலம் நகராது. சரக்கறைக்குள் ஆட்கள் நிமிர்ந்து நிற்கவும் முடியாது. முழங்காலில் நின்றும் குனிந்தும் வேலை செய்கிறார்கள். விமானம் திரும்பக் கிளம்ப அரை மணி நேரமோ கொஞ்சம் கூடுதலோதான் இருக்கும். அதற்குள் எல்லாப் பெட்டிகளும் இறங்கி, அடுத்த பெட்டிகள் ஏற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின் நாற்காலியின் மோட்டார் சக்கரத்தோடு இணைந்திருக்கும்போது தள்ளினால் நகராது. மோட்டார் பக்கத்தில் இரண்டு சிறு லீவர்கள் இருக்கும், அவற்றைத் திருப்பிவிட்டால் கையாலேயே உருட்டலாம். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஒவ்வொரு கம்பெனி நாற்காலிக்கும் மாறும். தெரியாதவர் என்ன செய்வார்? நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்குவார். எதைப் பிடித்துத் தூக்குவார்? கைக்கு எட்டுவது கைப்பிடி. பல நாற்காலிகளில் கைப்பிடி கழன்று வரும்படி அமைந்தது. தூக்கும்போது அது தனியே வந்துவிடும், நாற்காலி கீழே விழும்.

என் மாமா மகனுக்கு நடந்தது ஏறத்தாழ இதுதான். மோட்டார்சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பினாங்கில் ஒரு கல்யாணத்துக்காக கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் வந்தான். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார், இவனும் பொறுமையாக எல்லாம் சொன்னான்: லீவர் எங்கே இருக்கிறது, முதுகை எப்படி மடிப்பது, ஜாய்ஸ்டிக்கை எப்படி உள்பக்கம் திருப்புவது. அவர் தலையாட்டிவிட்டு, எல்லாப் பெட்டிகளுக்கும் போடுவது போல ஒரு டேக்கைச் சுற்றினார். இவன் சொன்ன எதுவும் அந்த டேக்கில் இல்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது ஒரு கைப்பிடி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. உடைந்ததைக் கண்ட யாரோ நல்ல மனதோடு கட்டிவிட்டிருக்கிறார்கள். மோசமான ஆள் ஒருவர்கூட இந்தச் சம்பவத்தில் கிடையாது. ஆனாலும் நாற்காலி உடைந்தது, கல்யாண வீட்டில் அவனை நாங்கள்தான் தூக்கி உட்கார வைத்தோம்.

தகவலைக் கீழே கொண்டுபோவது முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. விமானத் துறையே அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது. பேட்டரியோடு ஒரு நாற்காலி ஏற்றப்பட்டால், அது எந்த வகைப் பேட்டரி, விமானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை விமானிக்குத் தெரிவித்தாக வேண்டும். நோட்டாக் என்று அந்தப் படிவத்தைச் சொல்வார்கள். தீப்பிடித்தால் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டுமே, அதற்காக. அதாவது கவுண்டரில் கேட்ட ஒரு பதில், சரக்குப் பிரிவைக் கடந்து, விமானியின் கை வரை எழுத்தில் போய்ச் சேர்கிறது. பேட்டரிக்காக இவ்வளவு ஒழுங்காக நடக்கிற ஒன்றை, லீவருக்காகவும் ஜாய்ஸ்டிக்குக்காகவும் நடத்த முடியாதா? அதே வழியில் இன்னும் மூன்று வரி சேர்ந்து போனால் போதும். 2023இல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, நடமாட்ட உதவிக் கருவிகளை ஏற்றிச் செல்வது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் வழிகாட்டியைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம்.

இறங்கும்போது இன்னொரு சிக்கல். சொந்த நாற்காலியை விமான வாசலிலேயே கொண்டுவந்து தர வேண்டும் என்று கேட்கலாம், டேக்கிலும் அப்படிக் குறித்துத் தருவார்கள். ஆனால் அவசரத்தில் அது மற்றப் பெட்டிகளோடு லக்கேஜ் பெல்ட் பக்கம் போய்விடுவது சகஜம். அப்போது விமான நிலைய நாற்காலியில்தான் குடிநுழைவு, சுங்கம் எல்லாம் தாண்டி வர வேண்டும். கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் விமான நிலையத்தில், முதல் முனையத்தின் துணைக் கட்டடத்தில் இறங்கினால், பிரதான கட்டடத்துக்கு ஏரோடிரெயின் என்ற ரயிலில் வர வேண்டும். அந்த ரயில் 2023 மார்ச்சில் நின்று 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடியது. இடைப்பட்ட காலத்தில் எல்லாருக்கும் பஸ்தான். நடக்க முடிந்தவருக்கு இது நேர விரயம், அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு, தட்டையான கெட்டி இருக்கையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதே ஆபத்து. தோல் அழுந்தி ரத்த ஓட்டம் நிற்கும், வலி தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். படுக்கைப் புண் ஆற மாதக் கணக்காகும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் காற்று நிரப்பிய அல்லது ஜெல் வைத்த குஷனை நாற்காலியோடு கீழே அனுப்பவே மாட்டார்கள். கழற்றிக் கையோடு கொண்டுபோய் விமான இருக்கையின் மேல் போட்டு உட்காருவார்கள். குஷன் தொலைந்து நாற்காலி மட்டும் பத்திரமாக வந்தாலும் பயனில்லை.

சரி, உடைந்துவிட்டது. பணம் கிடைக்குமா? வெளிநாட்டுப் பயணம் என்றால் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். மலேசியாவில் அது 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கண்ணில் ஒப்படைத்த சக்கர நாற்காலி ஒரு லக்கேஜ். துணிமணிப் பெட்டிக்கு என்ன உச்சவரம்போ அதேதான் இதற்கும்: ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ரிங்கிட்டில் இந்தத் தொகை ஏறத்தாழ எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை வரும். 2024 டிசம்பர் வரை இது 1,288ஆகத்தான் இருந்தது. இறக்குமதி செய்த நல்ல மின் நாற்காலி ஒன்று இருபதாயிரம், முப்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மூலமோ நன்கொடை திரட்டியோ நாற்காலி வாங்கிய குடும்பம் மீதிப் பணத்துக்கு எங்கே போகும்?

உடன்படிக்கையிலேயே ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. நாற்காலியை ஒப்படைக்கும்போதே அதன் உண்மையான மதிப்பைத் தனியாக அறிவிக்கலாம். நிறுவனம் கேட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அப்படி அறிவித்திருந்தால், அறிவித்த தொகை வரை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். தன் கால் போல் பயன்படும் பொருளை நல்லபடியாகக் கொண்டுவர ஒருவர் ஏன் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அதே கோபம் உண்டு. விதி மாறும் வரை இருக்கிற வழி இது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணத்தில் இந்த உச்சவரம்பு கிடையாது. நாற்காலியை வாங்கிய விலை வரை நிறுவனம் ஈடு தர வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றை அங்கே 2018 டிசம்பரில் தொடங்கினார்கள். பெரிய விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றும் எத்தனை நாற்காலிகளை ஏற்றின, எத்தனை சேதமாயின, தொலைந்தன, தாமதமாயின என்று மாதாமாதம் அரசுக்குச் சொல்ல வேண்டும், அரசு அதை வெளியிடும். 2023இல் அப்படிக் கணக்கில் வந்தவை 11,500க்கும் மேல். ஏற்றிய நூற்றில் ஒன்றுக்கு மேல். பெட்டி பத்து நாள் தாமதமானால் துணி வாங்கிச் சமாளிக்கலாம், நாற்காலிக்கு அப்படிச் சமாளிக்க வழியில்லை என்பதால் நூற்றில் ஒன்று என்பது சிறிய எண் அல்ல. கணக்கு வெளியே வந்ததால்தான் அடுத்த நடவடிக்கைகளும் வந்தன. 2024 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு, மாற்றுத்திறனாளிப் பயணிகளை நடத்திய விதத்துக்காகவும் நாற்காலிகளைச் சேதப்படுத்தியதற்காகவும் 5 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாற்காலியைக் கையாளும் ஊழியர்களுக்குச் செய்முறைப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. அதன் சில பகுதிகளின் அமலாக்கம் 2025இல் தள்ளிப்போனது வேறு விஷயம்.

நம் நாட்டில் இது எங்கே நிற்கிறது? 2007இல் செப்பாங்கின் பழைய மலிவுக் கட்டண முனையத்தில் சக்கர நாற்காலிக்காரர்கள் கூடிப் போராடினார்கள். ஏறவே விடவில்லை என்பதுதான் அன்றைய குறை. அம்புலிஃப்ட் வந்தது அந்தப் போராட்டத்தின் பலன். 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமை அதில் இருக்கிறது, மீறுபவருக்குத் தண்டனை என்ன என்பது மட்டும் இல்லை. 2016இல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு, உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்கக் கூடாது என்கிறது. பாதுகாப்பும் விமானக் கதவின் அளவும் மட்டும் விதிவிலக்கு. அன்று அதை நடத்திய மாவ்காம் ஆணையம் 2025 ஆகஸ்டில் சிஏஏஎம் என்ற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. ஏற விடுவார்களா என்ற போராட்டத்தில் பெரும்பகுதி ஜெயித்தாகிவிட்டது. ஏறியவரின் நாற்காலி முழுதாகத் திரும்புமா என்பதற்கு, அமெரிக்காவைப் போல லக்கேஜோடு சேர்க்காத தனிக் கணக்கு ஒன்றை சிஏஏஎம் மாதாமாதம் வெளியிட வேண்டும். நிறுவனத்தின் பெயரோடு எண் வெளியே வந்தால்தான், கீழே வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க மேலே இருப்பவர்கள் செலவு செய்வார்கள்.

அதுவரை பயணம் செய்பவர்கள் தாங்களே தகவலைக் கீழே அனுப்ப வேண்டியிருக்கிறது. என் மாமா மகன் இப்போது ஏ4 தாள் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாற்காலியின் முதுகில் கட்டிவிடுகிறான். லீவரின் படம், முதுகை மடிக்கும் படம், தூக்க வேண்டிய இரும்புச் சட்டத்தின் மேல் அம்புக்குறி. மேலே கொட்டை எழுத்தில் மலாயில் "ஜாங்ஙான் பாரிங்கான்", படுக்க வைக்காதீர்கள். ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறான். சரக்கறையில் புழங்கும் மொழி மலாய் என்பதால் அதுதான் முதலில். ஜாய்ஸ்டிக் கழற்ற வருமென்றால் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் பபிள் ரேப்பும் டேப்பும் போட்டு உள்பக்கம் திருப்பிவிடலாம். கால் வைக்கும் தட்டு, பக்கத் தடுப்பு என்று கழன்று விழக்கூடிய எதையும் நாற்காலியோடு விடக் கூடாது. ஒப்படைக்கும் முன் கவுண்டரிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். முடிந்தால் அது ஓடுவதையும் வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

இறங்கிய இடத்தில் நாற்காலியை ஓட்டிப் பார்க்காமல் வெளியே வந்துவிடாதீர்கள். கீறல் கண்ணுக்குத் தெரியும், மோட்டார் பழுது ஓட்டினால்தான் தெரியும். சேதம் இருந்தால் அங்கேயே லக்கேஜ் சேவைக் கவுண்டரில் பதிவு செய்து, பிஐஆர் என்ற அறிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பழுது தெரிந்தது என்றால், நாற்காலி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பியாக வேண்டும். தாமதமாக வந்திருந்தால் 21 நாள். போனில் சொன்னது கணக்கில் வராது, மின்னஞ்சலாவது அனுப்ப வேண்டும். வழக்குப் போடுவதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நிறுவனம் புகாரை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்கவில்லை என்றாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, அதே படங்களோடும் பிஐஆர் எண்ணோடும் சிஏஏஎம்முக்கு எழுதலாம்.